ஒரே குற்றம், மூன்று முடிவுகள்

உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் ஆகிய மூவருக்கும் அமர்வு நீதிமன்றம் 1975-இல் தூக்குத் தண்டனை விதித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றத்தில் மூவரின் பங்கும் சமம். மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜீதா சிங்கின் மனு 1976-இல் தள்ளுபடியானது. காஷ்மீரா சிங்கின் மனு வேறோர் அமர்வுக்குப் போனது. 1977-இல் அவருடைய தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978-இல் தள்ளுபடியானது, 1980-இல் சீராய்வு மனுவும் தள்ளுபடியானது, பிறகு கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டது. இதே வழக்கில் ஒருவருக்கு ஏற்கெனவே தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி நீதிபதிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவே இல்லை. ஜீதா சிங், ஹர்பன்ஸ் சிங் இருவரையும் தூக்கிலிட 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் மீண்டும் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டுத் தடை வாங்கினார். ஜீதா சிங் போடவில்லை. குறித்த நாளில் அவர் தூக்கிலிடப்பட்டார். நான்கு மாதம் கழித்து, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஒரே குற்றத்தைச் சமமாகச் செய்தவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கும்போது இன்னொருவரைத் தூக்கிலிடுவது அநீதி என்பதே அதற்கான காரணம். ஜீதா சிங்குக்கு அந்தக் காரணம் பயன்படவில்லை.

மரண தண்டனை பற்றிய பேச்சு நம் நாட்டில் எப்போதும் குற்றத்தின் கொடூரத்திலிருந்தே தொடங்குகிறது. இப்படிப்பட்டவன் உயிரோடு இருக்கலாமா என்று கேட்கிறோம். அந்தக் கோபம் இயல்பானது, நியாயமானதும்கூட. ஆனால், ஒரு தண்டனை நியாயமானதா என்று முடிவு செய்ய அந்தக் கேள்வி மட்டும் போதாது. கொலைக் குற்றத்துக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தண்டனை பெறும் நாட்டில், 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டே பேர். இத்தனை ஆயிரம் பேரிலிருந்து அந்தச் சிலரைப் பொறுக்கி எடுக்கும் வேலையை நம் காவல் துறையும் நீதிமன்றங்களும் நேர்மையாக, ஒரே அளவுகோலோடு செய்திருக்கின்றனவா என்பதுதான் நான் கேட்க விரும்புவது. செய்யவில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளே சான்று.

அளவுகோல் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்புதான் ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற வரம்பையும் விதித்தது. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியின் வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றையும் எடைபோட வேண்டும்; ஆயுள் தண்டனை சற்றும் பொருந்தாது என்று உறுதியானால் மட்டுமே தூக்கு. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பி.என். பகவதி, இந்த வரம்பு நடைமுறையில் தாக்குப்பிடிக்காது, அமர்வில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே உயிர் போவதும் இருப்பதும் அமையும் என்று எச்சரித்தார். மற்ற நால்வரும் அதை ஏற்கவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் அவர் சொன்னதே நடந்தது.

1996-இல் ராவ்ஜி வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, தண்டனையைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியது குற்றத்தின் தன்மையையே தவிர, குற்றவாளியை அல்ல என்று சொல்லி மரண தண்டனையை உறுதி செய்தது. ஐந்து நீதிபதிகள் வகுத்த விதிக்கு இது நேர் எதிர். ஆனாலும் அடுத்தடுத்து வந்த அமர்வுகள் இதையே முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டு மேலும் பலருக்குத் தூக்கை உறுதி செய்தன. 13 ஆண்டுகள் கழித்து, 2009-இல் சந்தோஷ்குமார் பரியார் வழக்கில்தான், ராவ்ஜி தீர்ப்பு சட்டத்தைக் கவனிக்காமல் எழுதப்பட்டது, அதைப் பின்பற்றிய தீர்ப்புகளும் பிழையானவை என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்குள் ராவ்ஜியும், அதே தவறான விதியின்படி தண்டனை பெற்ற இன்னொருவரும் தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள். 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், பிழையான தீர்ப்புகளால் மரணத்தின் வாசலில் நிற்கும் 13 பேரின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜிக்குத் தனித்தனியே கடிதம் எழுதினார்கள். பொதுவாகத் தீர்ப்புகளைப் பற்றி வாய் திறக்காத நீதிபதிகளை இப்படி எழுத வைத்தது எது என்று நாம் யோசித்திருக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் இரண்டு நாள் செய்தியாக வந்துபோனதோடு சரி.

பிழையான முன்னுதாரணத்தில் சிக்கிய வழக்குகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 2003-இல் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் ஒரு குடிசைக்குள் இரவில் நுழைந்த கும்பல், ஐந்து பேரைக் கொன்றது, பாலியல் வன்கொடுமையிலும் ஈடுபட்டது. குரூரமான குற்றம். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரைப் போலீஸ் பிடித்தது. விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்கு மட்டும் அதை ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பையும் ரத்து செய்து ஆறு பேருக்குமே தூக்கு என்றது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. வழக்கு மறுபடி திறக்கப்பட்டு 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. தாக்குதலில் உயிர் பிழைத்த முக்கியச் சாட்சி, சம்பவம் நடந்த சில நாட்களிலேயே போலீஸ் காட்டிய புகைப்படங்களிலிருந்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார் என்பதும், அரசு தரப்பு அதை மறைத்துவிட்டது என்பதும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தன. உண்மையான குற்றவாளிகள் 16 ஆண்டுகளாகத் தேடப்படவே இல்லை. சிறையில் கழிந்த அந்த 16 ஆண்டுகளுக்காக ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று அடுக்கு நீதிமன்றங்களும் படித்து, எடைபோட்டு, ‘அரிதினும் அரிது’ என்று முத்திரை குத்திய வழக்கு இது.

கடைசியில் உண்மை வெளிவந்துவிட்டதே, முறை வேலை செய்கிறது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். இந்த வாதத்தைப் பலரும் உண்மையான நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஆனால், உண்மை எப்படி வெளிவந்தது என்று பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. நொய்டாவின் நிதாரி கொலை வழக்கில் தண்டனை பெற்றவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிராகரித்தது. 2014-இல் கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டு, தூக்கிலிட எல்லா ஏற்பாடும் முடிந்த நிலையில் நள்ளிரவு தாண்டித் தடை கிடைத்தது. 2015-இல் அவருடைய தண்டனையை அலகாபாத் உயர் நீதிமன்றம் குறைத்தது. கருணை மனு மீது முடிவெடுக்க ஏற்பட்ட தாமதமே காரணம். 2023-இல் மற்ற வழக்குகளில் அவர் விடுதலையானார். எஞ்சியிருந்த ஒரே வழக்கிலும், குறைதீர் மனுவில் (curative petition) 2025-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசு அலுவலகங்கள் சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தால் அந்த விடுதலைக்கு ஆள் இருந்திருக்க மாட்டார். 1994-இல் புணேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர், சம்பவத்தின்போது பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்று 2023-இல் நிரூபணமாகி, 28 ஆண்டுகளுக்கு மேலான சிறைவாசத்துக்குப் பிறகு வெளியே வந்தார். அவரைக் காப்பாற்றியது ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பழைய பதிவேடு. ஒரு பதிவேடு கரையான் அரிக்காமல் இருந்ததையும், ஒரு கோப்பு மேசையில் தூங்கியதையும் நீதி முறையின் பாதுகாப்பு ஏற்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நாடு முழுவதும் தூக்குத் தண்டனைக் கைதிகளாக இருந்தவர்களைச் சிறைகளில் நேரில் சந்தித்துத் தயாரிக்கப்பட்டது. அவர்களில் 74 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தலித்துகள், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மதச் சிறுபான்மையினர். 23 சதவீதம் பேர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். ஏழைகள்தான் கொடூரமான கொலை செய்கிறார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியுமா? ஒரு கொலை வழக்கில் ஆயுளா, தூக்கா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது விசாரணை நீதிமன்றத்தில் நடக்கும் குறுக்கு விசாரணை. மருத்துவ அறிக்கையைக் கேள்வி கேட்கவும், சாட்சி முன்பு போலீஸிடம் சொன்னதற்கும் இப்போது கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டைப் பிடிக்கவும் நேரமும் அனுபவமும் உள்ள வழக்கறிஞர் வேண்டும். கூலி வேலை செய்பவரின் குடும்பம் ஆடு மாடு விற்றுக் கொடுக்கும் பணத்துக்கு அது கிடைப்பதில்லை. விசாரணையில் கேட்கப்படாத கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய வழக்கறிஞர் வந்தாலும் கேட்க முடியாது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் மேல்முறையீடுகளைக் கடந்து நிலைத்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 30 சதவீதம் பேர் முற்றிலுமாக விடுதலையானார்கள்.

தண்டனை பற்றிய விசாரணை எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டம், ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு தண்டனை குறித்துத் தனியாக விசாரிக்க வேண்டும் என்றது. அவர் யார், எந்தச் சூழலில் வளர்ந்தார், மனநலம் எப்படி, சிறையில் எப்படி நடந்துகொண்டார் என்றெல்லாம் நீதிபதி தெரிந்துகொள்வதற்காக வந்த ஏற்பாடு அது. பல வழக்குகளில் காலையில் குற்றவாளி என்று அறிவித்துவிட்டு, மதியமே தூக்கு விதித்துவிடுகிறார்கள். கைதிக்கு வயதான தாய் இருக்கிறார், சிறு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் சொல்லும் இரண்டு வரிதான் மொத்த விசாரணையும். 2022-இல் மனோஜ் வழக்கில் இதற்கு விரிவான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தப் பிரச்சினையைத் தானாகவே முன்வந்து ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், ஒரு மனிதனைக் கொல்ல உத்தரவிடுவதற்கு முன் அவனைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்களிடையே ஒருமித்த நடைமுறை இல்லை.

தமிழகத்துக்கு இந்த வரலாறு நன்றாகவே தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 26 பேரும் அரிதினும் அரிதானவர்கள்! பதினாறு மாதம்கூட ஆகவில்லை, 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நால்வருக்கு மட்டும் தூக்கு. அந்த நால்வரில் நளினியின் தண்டனை 2000-இல் குறைக்கப்பட்டது. பேரறிவாளன் உள்ளிட்ட மற்ற மூவரை வேலூர் சிறையில் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தடையால்தான் அது நின்றது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், குண்டுக்குப் பயன்பட்டதாகக் கூறப்பட்ட பேட்டரிகள் எதற்காக வாங்கப்படுகின்றன என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வாக்குமூலம்தான் தூக்குக்கு முக்கிய ஆதாரமாக இருந்தது. 2011-லேயே தண்டனையை நிறைவேற்றியிருந்தால், 2013-இல் வந்த அந்த ஒப்புதலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்திருப்போம்?

தடா வழக்கை இங்கே குறிப்பிட இன்னொரு காரணமும் உண்டு. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், 2015-இல் தன் 262-ஆவது அறிக்கையில் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆனால், பயங்கரவாதம், அரசுக்கு எதிரான போர் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு தந்தது. அரசியல் நெருக்கடியைக் கருதி அப்படிச் செய்திருப்பார்கள் என்பது புரிகிறது; தர்க்கம் புரியவில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாதாரண வழக்கில் சாட்சியம் ஆகாது, 1995-இல் காலாவதியான தடாவில் ஆனது. மக்களின் கோபமும் அரசின் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதும், குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராகவே வழக்கறிஞர்கள் தயங்குவதும் இப்படிப்பட்ட வழக்குகளில்தான். ராஜீவ் வழக்கில் தடா குற்றச்சாட்டே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றே வைத்துக்கொண்டது. தவறு நேரும் வாய்ப்பு மிக அதிகமாக உள்ள இடத்தில் மட்டும் திருத்த முடியாத தண்டனையை வைத்திருப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது.

தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும் என்பது அடுத்த வாதம். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை ஒழித்தது. இன்றைய நாகர்கோவிலும் அதற்குள்தான் இருந்தது. 1945 முதல் 1950 வரை அங்கே நடந்த கொலைகள் 962. மரண தண்டனை திரும்பிவந்த அடுத்த ஐந்தாண்டுகளில் நடந்தவை 967. தமிழகத்தில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1995-இல், சேலம் மத்திய சிறையில். தூக்கிலிடுவது அபூர்வமாகிவிட்ட இந்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் மக்கள்தொகைக்கேற்ற கொலை விகிதம் குறைந்தே வந்திருக்கிறது. குற்றம் செய்பவர் தண்டனையின் அளவைக் கணக்குப் போடுவதில்லை. மாட்டிக்கொள்வோமா இல்லையா என்றுதான் பார்க்கிறார். அந்தப் பயத்தைத் தருவது நல்ல புலனாய்வு.

எல்லாவற்றையும் விடக் கனமான ஆட்சேபம், பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் வருவது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் போய் அளவுகோல், நடைமுறை என்று பேச எவருக்கும் நா எழாது. சென்னைக்கு அருகே 2017-இல் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்வோம். தமிழகமே கொதித்தது. ஏறத்தாழ ஓராண்டில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது, சில மாதங்களில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசு தரப்பின் சாட்சியச் சங்கிலி அறுந்துகிடக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு முறையான சட்ட உதவியும் கிடைக்கவில்லை என்று சொல்லி அவரை விடுவித்தது. குழந்தையின் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அவர்களுக்கு அந்த அடியைக் கொடுத்தது யார்? தூக்கு வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று மக்களுக்குக் காட்டும் அவசரத்தில், சாட்சியங்களைச் சேர்ப்பதிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய வழக்கறிஞரைத் தருவதிலும் காட்ட வேண்டிய பொறுமையைக் காட்டாத முறைதான். அமைச்சர்கள் கொடூரக் குற்றம் நடக்கும்போதெல்லாம் தூக்கு வாங்கித் தருவோம் என்கிறார்கள். தடய அறிவியல் கூடங்களில் குவிந்துகிடக்கும் மாதிரிகளைப் பற்றியோ, ஒரே நேரத்தில் பந்தோபஸ்துக்கும் புலனாய்வுக்கும் ஓடும் ஆய்வாளரைப் பற்றியோ பேசுவதில்லை. தூக்கு என்ற சொல் அந்தக் கேள்விகள் எழாமல் பார்த்துக்கொள்கிறது.

தூக்கை எடுத்துவிட்டால் கொலைகாரர்கள் பதினான்கு வருடத்தில் வெளியே வந்துவிடுவார்கள் என்ற அச்சம் உண்மையானது. அதற்கு விடை கைவசம் இருக்கிறது. பதினான்கு ஆண்டா, தூக்கா என்ற இரண்டே வழி இருந்தால் நீதிபதியின் மனம் தூக்கை நோக்கித் தள்ளப்படும் என்பதை 2008-இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் என்றோ, வாழ்நாள் முழுவதும் என்றோ, குறைப்புக்கு இடமில்லாத சிறைத் தண்டனை விதிக்கலாம் என்று வழி காட்டியது. 2015-இல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. ஆனால், அந்த அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே என்றது. கொலை வழக்கை நேரடியாக விசாரிக்கும் அமர்வு நீதிபதியின் முன்னால் இன்றும் பழைய இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இதைச் சரிசெய்ய அருமையான வாய்ப்பு இருந்தது. அதைப் பயன்படுத்தாமல், மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியலை மேலும் நீட்டினார்கள். கொலைக்கான அதன் 103-ஆவது பிரிவில் தூக்கை நீக்கி, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை குறைப்பில்லாத சிறை என்பதை விசாரணை நீதிபதியே விதிக்கலாம் என்று நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், முடிவுக்காகக் காத்திருக்கும் கருணை மனுக்கள் அனைத்தையும் அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவின் கீழ் ஏற்று, தண்டனைகளை ஆயுளாகக் குறைக்கும்படி மத்திய அமைச்சரவை குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; ஒரு கூட்டத்தில் எடுக்கும் முடிவு போதும்.